முயல் கேள்வி-பதில்: தாய் குட்டிகளை ஒதுக்கிவிட்டதா?

கே: குட்டி போட்டு இரண்டு நாள் ஆகிறது. தாய் முயல் பெட்டிக்குள் போகவே இல்லை. புட்டிப்பால் கொடுக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். முயல் பெரும்பாலும் நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிடம், நாம் தூங்கும் நேரத்தில். காட்டில் வளைக்குப் பக்கத்திலேயே தாய் சுற்றிக்கொண்டிருந்தால் நரிக்கு வழி காட்டியதாகிவிடும். அந்தப் பழக்கம் கூண்டுக்கு வந்தும் போகவில்லை.

ஆகவே தாயை விட்டுவிட்டுக் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். காலையில் ஒன்றைக் கையில் எடுத்தால் வயிறு பந்துபோல் உப்பி, மெல்லிய தோல் வழியே பால் வெள்ளையாகத் தெரிய வேண்டும். வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருந்தால் பசி. தாயைப் பெட்டிக்குள் வைத்து, முதுகைத் தடவியபடி ஐந்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தானாகப் போகத் தொடங்கும். கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற பயம் பழகிய வளர்ப்பு முயலிடம் தேவையில்லை.

காம்பைக் கவ்வியபடியே சில குட்டிகள் வெளியே வந்து விழும். பூனைபோல் வாயில் தூக்கிப்போய்ச் சேர்க்க முயலுக்குத் தெரியாது. கம்பித்தரையில் கிடந்து விறைத்துவிடும். முதலில் உள்ளங்கைச் சூட்டில் உடம்பைச் சூடேற்றிவிட்டுப் பெட்டியில் விடுங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டினால் செரிக்காது.

கே: தன் புழுக்கையைத் தானே தின்கிறது. சத்துக் குறைவா?

இல்லை, அதுதான் அதன் சத்து. கூண்டுக்கடியில் விழும் உருண்டையும் அது தின்பதும் வேறு வேறு. பெருங்குடல் தொடங்கும் இடத்திலுள்ள பையில் புல் புளித்து, பளபளப்பான மெத்தென்ற கொத்தாக வரும். பி வைட்டமினும் புரதமும் அதில் உண்டு. ஆசனவாயில் வாய் வைத்தே உறிஞ்சிவிடும் என்பதால் பொதுவாக நம் கண்ணில் படாது. அந்தக் கொத்து தரையில் நசுங்கிக் கிடந்தால்தான் கவலை: தீவனம் அதிகம், புல் குறைவு, அல்லது குனிய முடியாத அளவுக்குப் பருமன். அடர்தீவனத்தைக் குறைத்து, உலர்ந்த புல்லை எந்நேரமும் கிடைக்கும்படி வையுங்கள்.

கே: ஆண் முயலே இல்லை. பெண் முயல் மார்பு முடியைப் பிய்த்துக் கூடு கட்டுகிறது.

பொய்ச்சினை. முயலுக்குப் புணர்ச்சியின் தூண்டுதலில்தான் கருமுட்டை வெளிவரும். கூட இருக்கும் இன்னொரு பெண் மேலேறினாலும் உடம்பு ஏமாந்துவிடும். 16 முதல் 18 நாளில் கூடு கட்டி, பிறகு தானே அடங்கும். உண்மைச் சினை என்றால் சுமார் 31 நாள்.

கே: சிறுநீர் சிவப்பாக இருக்கிறது. ரத்தமா?

முழுக்க ஒரே சீராகச் சிவப்பு அல்லது ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் நிறமிதான்; கீரை வகை மாறினாலே வரும். நிறமில்லாத சிறுநீரில் சிவப்புப் புள்ளியோ கட்டியோ இருந்தால் ரத்தம். வயதான பெண் முயலில் கருப்பைக் கட்டியாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். போகிற இடத்தில் வாய்வழி அமாக்ஸிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை எழுதினால், நோயாளி முயல் என்பதை ஞாபகப்படுத்துங்கள். அது முயலின் குடல் நுண்ணுயிரிகளைக் கொன்று, வயிற்றுப்போக்கில் உயிரையே பறிக்கும்.

கே: சித்திரை வெயிலுக்கு மின்விசிறி போதுமா?

போதாது. முயலுக்கு வியர்க்காது, வெறும் காற்று அதைக் குளிர்விக்காது. சூட்டை வெளியேற்ற அதற்குக் காதுதான் முக்கியம். 30 டிகிரி தாண்டினாலே தவிக்கும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைச் சாக்கில் சுற்றிக் கூண்டில் வையுங்கள். காதுகளை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே செத்துவிடலாம்.

கே: வயலில் கிடைத்த குட்டியை வளர்க்கலாமா?

பிஞ்சுக் குட்டியே கண் திறந்து, முடியோடு இருந்தால் அது காட்டு முயல். வளர்ப்பு முயலின் குட்டி முடியின்றிக் கண் மூடிப் பிறக்கும். காட்டு முயலைப் பிடித்து வைத்திருப்பது வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அநாதை என்று எண்ணித் தூக்கி வராதீர்கள், எடுத்த இடத்திலேயே விடுங்கள். இதற்கும் பால் கொடுக்கத் தாய் கொஞ்ச நேரம்தான் வரும், அதுவும் இருட்டிய பிறகு.