எல்.பி. ஊடகத்தில் நார்எபிநெப்ரின் ஏன் வேலை காட்டவில்லை?

முதலில் ஊடகத்தை மாற்றிப் பாருங்கள். எல்.பி.யில் (பாக்டீரியா வளர்க்கும் சத்து மிகுந்த ஊடகம்) 50 மைக்ரோமோலார் நார்எபிநெப்ரின் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சேர்த்தும் சால்மோனெல்லா பாக்டீரியாவின் பயோஃபிலிம் (பரப்பில் ஒட்டி வளரும் படலம்) கூடவில்லை என்கிறீர்கள். அந்த ஊடகத்தில் அது எதிர்பார்க்கக்கூடியதே.

காரணம் பெரும்பாலும் இரும்புதான். சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இரும்பை இறுகப் பிடித்து வைத்திருக்கும். நார்எபிநெப்ரினின் கேட்டகால் பகுதி அந்தப் பிடியைத் தளர்த்த, பாக்டீரியா, இரும்பைப் பிடிக்கத் தான் சுரக்கும் என்டரோபாக்டின் என்ற மூலக்கூறு மூலம் இரும்பை அள்ளிக்கொள்கிறது. எல்.பி.யில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. பிறகு ஹார்மோன் எதைக் கூட்டித்தரும்?

சீரம் கலந்த குறைசத்து ஊடகத்தில் மூன்று குழி வரிசை வையுங்கள்:
1. ஹார்மோன் இல்லாமல்
2. ஹார்மோனுடன்
3. ஹார்மோன் இல்லாமல், ஃபெரிக் உப்புடன்

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவு உயர்ந்தால், விளைவு இரும்பு வழியாக வருகிறது என்று கொள்ளலாம். இரண்டாவது மட்டும் தனித்து உயர்ந்தால் ஹார்மோனை உணரும் பாக்டீரியாவின் கியூ.எஸ்.இ.சி. உணரியைச் சந்தேகிக்கலாம், அந்த உணரி நீக்கப்பட்ட பாக்டீரியா திரிபில் சோதியுங்கள்.

ஹார்மோன் கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். இளஞ்சிவப்போ பழுப்போ ஏறியிருந்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிட்டது, கொட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: படலத்தை அளக்கப் பயன்படும் கிரிஸ்டல் வயலெட் சாயம் செத்த செல்லையும் சேர்த்தே சாயமேற்றும். செல்கள் பெருகியதாலேயே படலம் தடித்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு குழியிலும் 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கல் அளவீட்டையும் (செல் பெருக்கத்தைக் காட்டுவது) எடுத்து ஒப்பிடாமல் "பயோஃபிலிம் கூடியது" என்று எழுதிவிடாதீர்கள்.