புது ராம் போட்டதும் வேகம் குறைந்தது ஏன்?

கும்பகோணத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற அவருடைய கம்ப்யூட்டரில் ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம். போட்டோஷாப் திணறுகிறதே என்று இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டார். பழையதன் வேகம் 2666. புதியதன் பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் விண்டோஸில் ராம் வேகத்தைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 2133 என்று காட்டுகிறது. கடையில் கேட்டதற்கு, "போர்டு பழசு சார், புது ராமைத் தாங்காது, போர்டை மாத்திடுங்க" என்கிறார்களாம். மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். பி450 போர்டும் ரைசன் 3600உம் 3200 வேகத்தைத் தாராளமாகத் தாங்கும்.

நடந்தது இதுதான். ஒவ்வொரு ராமிலும் ஒரு குட்டி சிப் உண்டு. எந்தெந்த வேகத்தில் ஓட முடியும் என்ற பட்டியல் அதில் பதிந்திருக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் போர்டு அதைப் படித்துத்தான் வேகத்தை முடிவு செய்கிறது. இப்போது கேபினட்டைத் திறந்து புது ராமின் ஸ்டிக்கரைப் பாருங்கள். 3200க்குப் பக்கத்தில் 1.35 வோல்ட் என்று போட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உங்களுடையது டிடிஆர்4 வகை ராம்; அதற்கு முறைப்படி உள்ள அளவு 1.2 வோல்ட். 1.35 என்று இருந்தால், அந்த ராமின் சாதாரணப் பட்டியல் பெரும்பாலும் 2133 அல்லது 2400உடன் முடிந்துவிடும். 3200 என்பது எக்ஸ்எம்பி என்ற தனிப் பட்டியலில் இருக்கும். பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங் பகுதி) போய் நாமே ஆன் செய்யும்வரை போர்டு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. இரண்டு ராமும் ஒரே வேகத்தில்தான் ஓட முடியும். அதனால் ஒழுங்காக 2666இல் ஓடிக்கொண்டிருந்த பழைய ராமும் கீழே இறங்கிவிட்டது.

பெட்டியில் இவ்வளவு பெரிதாக 3200 என்று அச்சிடுகிறவர்கள், பயாஸில் ஒரு செட்டிங் மாற்ற வேண்டும் என்று அதே அளவு எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? அமெரிக்காவில் இதற்காகவே ராம் விற்கும் கோர்செர் நிறுவனத்தின் மேல் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். நம் ஊரில் கேட்க நாதியில்லை. கடைக்காரர் சொல்வதுதான் தீர்ப்பு.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ரீஸ்டார்ட் ஆகும்போது டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். அங்கே எக்ஸ்எம்பி, ஏ-எக்ஸ்எம்பி, டிஓசிபி என்று போர்டு கம்பெனிக்கு ஒரு பெயராக இருக்கும். உங்கள் விஷயத்தில் அதை ஆன் செய்யாதீர்கள். ஆன் செய்தால் பழைய ராமையும் 3200க்கு இழுக்கும், அது தாங்காமல் போகலாம். பதிலாக, மெமரி ஃப்ரீக்வென்சி என்ற இடத்தில் 2666ஐ நீங்களே தேர்ந்தெடுங்கள். மற்றதெல்லாம் ஆட்டோவிலேயே இருக்கட்டும். எஃப்10 அழுத்தி சேவ் செய்யுங்கள். அவ்வளவுதான். திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு பல போர்டுகள் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள்.

கேபினட் திறந்திருக்கும்போதே ஸ்லாட்டையும் பாருங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் ராம் இருக்க வேண்டும். அவசரத்தில் முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ பக்கத்துப் பக்கத்தில் செருகி அனுப்பிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் இரண்டு வழிச் சாலையை ஒரு வழியாக்கிவிட்ட மாதிரி. 2666க்கும் 3200க்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்த இழப்பு பெரிது.

கடைகளில் நடக்கும் இன்னொரு வேலையையும் சொல்லியாக வேண்டும். சிபியூ-இசட் என்ற மென்பொருளைத் திறந்து, "பாருங்க, 1333தான் ஓடுது, பாதி ஸ்பீடு போச்சு" என்று காட்டுவார்கள். டிடிஆர் ராம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்பும். அந்த மென்பொருள் காட்டுவது துடிப்பை மட்டும்தான், 1333 என்றால் உண்மையில் 2666. இதைக் காட்டி போர்டு விற்கப்பட்ட ஒருவருடைய கம்ப்யூட்டர் என் மேசைக்கே வந்தது. மாற்றிய புது போர்டிலும் அதே 1333. நல்ல நிலையில் இருந்த பழைய போர்டைக் கழித்துக்கொண்டு வாங்கிவிட்டார்கள். விண்டோஸை மறுபடி போட்டால் ராம் வேகம் கூடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதைப் படித்துவிட்டு இன்டெல் வைத்திருப்பவர்கள் குழம்பக்கூடாது. ஐ5-10400 பிராசஸரும் ஹெச்410 அல்லது பி460 போர்டும் வைத்திருந்தால் 2666தான் எல்லை. எக்ஸ்எம்பி ஆன் செய்தாலும், எவ்வளவு விலைக்கு ராம் வாங்கினாலும், அதற்கு மேல் போகாது. போர்டு பழுதும் அல்ல, ராம் போலியும் அல்ல. இன்டெல் வேண்டுமென்றே போட்ட பூட்டு. அதற்கு முந்தைய ஹெச்310, பி360 போர்டுகளிலும் இதே பூட்டு இருந்தது. பி560 வந்தபோதுதான் அந்த வரிசையில் திறந்துவிட்டார்கள். இந்த போர்டுகளில் 3200 ராம் போடுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதற்காக யாரும் கூடுதல் பணம் வாங்கக்கூடாது.

ஆல்பம் வேலைக்கு ராமின் அளவுதான் முக்கியம், வேகம் அடுத்ததுதான். 8 ஜிபி 16 ஆனதே உங்களுக்குப் பெரிய லாபம். 3200தான் வேண்டுமென்றால் பழையதை விற்றுவிட்டு, ஒரே பெட்டியில் ஜோடியாக வருவதை வாங்குங்கள். பயாஸைத் தொடவே தயக்கமாக இருந்தால் 1.2 வோல்ட்டில் 3200 ஓடும் ராமைக் கேளுங்கள். உங்கள் போர்டில் அது தானாகவே அந்த வேகத்துக்கு வந்துவிடும்.

எந்த வேகத்தில் வைத்தாலும் அன்று ராத்திரி ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓடவிட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் 2400க்கு இறக்கி மறுபடி சோதியுங்கள். ராம் தடுமாறினால் கம்ப்யூட்டர் நின்றுபோவதோடு முடியாது. சேவ் செய்யும் படங்களே சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். சோதனை முடியும்வரை மெமரி கார்டில் இருக்கும் கல்யாணப் படங்களை அழிக்காதீர்கள்.