மிக்ஜாம் ஏன் தடாவைத் தாண்டிப் போனது? தமிழக-ஆந்திர எல்லையோர வாசகர்களின் புயல் கேள்விகள்

ஆரம்பாக்கம் வாசகர்: 2023இல் மிக்ஜாம் புயல் எங்கள் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு, வடக்கே ஆந்திராவின் பாபட்லா வரை போய்க் கரையேறியது ஏன்?

புயலுக்குச் சொந்தமாக ஸ்டியரிங் கிடையாது. தரைக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்று தள்ளும் பக்கம்தான் போகும். அந்தக் காற்று எந்தத் திசையில் வீசும் என்பதைப் பக்கத்திலுள்ள உயர் அழுத்தப் பகுதி முடிவு செய்கிறது. நம் அரைக்கோளத்தில் அதைச் சுற்றிக் காற்று கடிகார முள் திசையில் சுழலும். உயர் அழுத்தம் வடக்கே அகலமாக உட்கார்ந்திருந்தால் அதன் தெற்கு ஓரத்தில் கிழக்குக் காற்று; புயல் மேற்கே நகர்ந்து நம் கரையில் ஏறும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னைக்கு வந்தது அப்படித்தான். அந்த உயர் அழுத்தமே கிழக்கே இருந்தால் அதன் மேற்கு ஓரத்தில் தெற்குக் காற்று. புயல் கரையை ஒட்டியே வடக்கே ஏறும். மிக்ஜாம் இந்த ரகம். சென்னை, பழவேற்காடு பக்கம் மெதுவாக ஊர்ந்து மழையைக் கொட்டிவிட்டு, டிசம்பர் 5இல்தான் பாபட்லா அருகே கரை கடந்தது.

சூளூர்பேட்டை வாசகர்: சில புயல்கள் நடுவழியில் நின்றுவிடுகின்றன, திரும்பியும் வருகின்றனவே?

இரண்டு பக்கமும் உயர் அழுத்தம் இருந்து, தள்ளும் வேகம் சமமாகிவிட்டால் புயல் திணறும். கணினி மாதிரிகள் ஆளுக்கொரு பாதை சொல்வதும் அப்போதுதான். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தும் மணிக்கணக்கில் நகரவில்லை. ஒரே நாளில் அங்கே 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. திரும்பி வருவது வேறு கதை. 2013இல் மாடி என்ற புயல் வடக்கே போய்க்கொண்டிருந்தது. வலுவிழந்ததும் அதன் உயரம் குறைந்து, கீழடுக்கு வடகிழக்குக் காற்றின் பிடியில் சிக்கி, வேதாரண்யம் பக்கம் வந்து சேர்ந்தது.

தடா மாணவி: காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் இறங்கினால் புயல் நம்மை நோக்கி வருகிறது என்று அர்த்தமா சார்?

இல்லைம்மா. புயலே இல்லாத நாளிலும் மாலை நான்கு மணிவாக்கில் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கும், இரவு பத்துக்குள் ஏறிவிடும். நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிட்டுப் பார்.

பழவேற்காடு மீனவர்: போன் மேப்பில் புயல் பாதைக் கோடு நெல்லூருக்குப் போகிறது. நாங்கள் கடலுக்குப் போகலாமா?

வேண்டாம் அண்ணே. கோடு மையத்துக்கு மட்டும்தான். கொந்தளிப்பு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் தாண்டியும் இருக்கும். கரையிலிருந்தே காற்றைக் கவனியுங்கள். வடகிழக்கிலிருந்து வீசினால் மையம் உங்களுக்குத் தென்கிழக்கே. நேர் வடக்கிலிருந்து என்றால் கிழக்கே வந்துவிட்டது. வடமேற்குக்கு மாறினால் உங்களைத் தாண்டிவிட்டது. அப்போதும் எச்சரிக்கைக் கூண்டை இறக்கும்வரை படகை அவிழ்க்காதீர்கள்.