எலும்பு சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: எலும்புக்கூட்டைப் பார்த்ததும் வயது சொல்லிவிடுகிறீர்களே, எப்படி?

பார்த்ததும் சொல்வதெல்லாம் சினிமாவில்தான். சின்ன வயசு என்றால் சுலபம், பல் முளைப்பதும் எலும்பு முனைகள் நடுத்தண்டோடு ஒட்டுவதும் ஒரு வரிசைப்படி நடக்கும். கடைசியில் ஒட்டுவது காறையெலும்பின், அதாவது கழுத்துக்குக் கீழே நெஞ்சிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பின், நெஞ்சுப்பக்க முனை. அது முழுசாக ஒட்டாமல் இருந்தால் பெரும்பாலும் ஆள் முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். நாற்பதுக்கு மேல் போனால் பத்து வருஷம் முன்னே பின்னே ஆகும். ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்பைத்தான் முதலில் தேடுவோம், மண்டை ஓடு அடுத்தபடிதான்.

கேள்வி: உடலைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டால் அடையாளம் காண முடியாதுதானே?

பம்பாயில் பிறந்து இங்கிலாந்தின் லங்காஸ்டரில் டாக்டராக இருந்த பக் ரக்ஸ்டனும் அப்படித்தான் நினைத்தார். 1935இல் மனைவி இசபெல்லாவையும் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட மேரி ரோஜர்சனையும் கொன்று, வெட்டிய துண்டுகளை ஸ்காட்லாந்தில் மொஃபட் அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் வீசினார். கண், காது, விரல் நுனி என்று அடையாளம் காட்டக்கூடியதைத் தேடித்தேடி நீக்கியிருந்தார், ரம்பமே இல்லாமல் மூட்டு மூட்டாகக் கத்தியாலேயே பிரித்திருந்தார். அந்தக் கைத்திறன்தான் வினையாயிற்று, உடற்கூறு படித்த ஆள் என்று போலீஸுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் எடின்பரோ உடற்கூறியல் பேராசிரியர் பிராஷ், மண்டை ஓட்டை அதே கோணத்தில் படமெடுத்து இசபெல்லாவின் போட்டோ மேல் வைத்துப் பார்த்தார். போட்டோவை நிஜ அளவுக்குப் பெரிதாக்க அளவு எப்படிக் கிடைத்தது? போட்டோவில் அவர் தலையில் ஒரு கிரீடம் இருந்தது, அந்த அசல் நகையை அளந்தார்கள்! ரக்ஸ்டனை 1936 மே மாதம் தூக்கிலிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த முறை 'இவர் இல்லை' என்று கழிப்பதற்குத்தான் பலமானது, 'இவரேதான்' என்பதற்குக் கூடவே பல்லோ டிஎன்ஏவோ வேண்டும்.

கேள்வி: நிபுணர்கள் தப்புவதே இல்லையா?

ஏன் இல்லை? 1977இல் அமெரிக்காவின் டென்னசியில், தோண்டிக் கலைக்கப்பட்ட ஒரு கல்லறையில் இருந்த உடலைப் பார்த்த எலும்பு நிபுணர் பில் பாஸ், செத்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது என்றார், ஏனென்றால் சதையில் இன்னும் நிறம் இருந்தது. கடைசியில் பார்த்தால் அது 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த கர்னல் ஷை! பதப்படுத்தி இரும்புப் பெட்டியில் புதைத்திருந்ததால் கெடவில்லை. 113 வருஷப் பிசகு. மனுஷர் அதை மறைக்காமல் எல்லோரிடமும் சொன்னார். அந்தப் பிசகு தந்த பாடத்தால், தானமாக வந்த உடல்கள் வெட்டவெளியில் எப்படி அழுகுகின்றன என்று 1981லிருந்து நாக்ஸ்வில்லில் ஆராயத் தொடங்கினார்.

கேள்வி: எலும்பில் பட்ட அடி சாவதற்கு முன்பா, பின்பா என்று எப்படித் தெரியும்?

பச்சைக் குச்சிக்கும் காய்ந்த சுள்ளிக்கும் உள்ள வித்தியாசம்தான். உயிருள்ளபோதோ செத்த கையோடோ பட்ட அடியில் எலும்பு வளைந்து சிம்பு சிம்பாகப் பிளக்கும். பல வருஷம் கழித்து மண்வெட்டி பட்டால் மொறுக்கென்று உடையும், வெளிப்புறம் மண் நிறமாக இருக்க உடைந்த இடம் மட்டும் தேங்காய்ச் சில்லு மாதிரி வெளுப்பாகத் தெரியும்.

கேள்வி: கழுத்தை நெரித்தால் ஹயாய்டு எலும்பு (நாக்குக்கு அடியில் தொண்டையில் இருக்கும் சின்ன எலும்பு) உடைந்தே ஆக வேண்டுமா?

இல்லை. இளவயதுக்காரர்களுக்கு அது வளைந்துகொடுக்கும். எலும்பு முழுசாக இருக்கிறது, அதனால் யாரும் நெரிக்கவில்லை என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் அந்த அறிக்கையை இன்னொருவரிடம் காட்டுங்கள்.