டயர் கேள்விகள்: கனடா ஐஸும் தனுஷ்கோடி மணலும்

உச்சிப்புளியில் டயர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து டயர் கடையொன்றில், ஜாக்கியும் ஸ்பேனருமாகச் சில பனிக்காலங்களைத் தள்ளியவன். அது தெரிந்துதானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் முதலாவதே பனிக் கேள்வி. அதற்கு நீளமாகப் பதில் எழுதிவிட்டேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் கனடாவில் பேரி என்ற ஊரில் குடியிருக்கிறான். தினமும் காரில் டொராண்டோ பக்கம் வேலைக்குப் போய் வருகிறான். இதுதான் அவனுக்கு முதல் பனிக்காலம். காரில் இருப்பது 'ஆல் சீசன்' டயர். எல்லாக் காலத்துக்கும் அதுவே போதும் என்கிறார் கார் விற்றவர். கூட வேலை பார்க்கிறவர்களோ விண்டர் டயர் போடாமல் ரோட்டில் இறங்காதே என்கிறார்களாம். நான்கு டயரின் விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா? ஆணி வைத்த டயர் இன்னும் நல்லது என்கிறார்களே, அது நிஜமா?
— ஒரு தகப்பனார், கீழக்கரை

பதில்: அண்ணே, கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வதைக் கேட்கச் சொல்லுங்கள். பேரி எனக்குத் தெரிந்த ஊர். ஜார்ஜியன் விரிகுடா மேல் வீசிவரும் குளிர்காற்று வழியில் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து பனியாகக் கொட்டும் பட்டையில் இருக்கிறது. டொராண்டோவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். 400-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி வந்தால் திடீரென்று முன்னால் போகும் வண்டி தெரியாது. உங்கள் மகனுக்கு அது தினசரிப் பாதை.

டயர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும், இங்கேயும் சரி அங்கேயும் சரி, முதலில் பார்ப்பது மேலே உள்ள கோடுகளையும் பள்ளங்களையும்தான். ஐஸில் முதலில் பார்க்க வேண்டியது ரப்பரை. சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பித்துவிடும். கொடைக்கானலுக்கு எடுத்துப்போன தேங்காய் எண்ணெய் மாதிரி. இறுகிய ரப்பர் ரோட்டோடு ஒட்டாது, மேலே வழுக்கிக்கொண்டு போகும். விண்டர் டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். மைனஸில் போனாலும் அது மென்மையாகவே இருக்கும். அதன் மேல் பிளேடால் கீறியது போல நூற்றுக்கணக்கில் மெல்லிய கீறல்கள் போட்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது அந்தக் கீறல்களின் விளிம்புகள்தான் பனியைக் கவ்வும். அதனால்தான் சொல்கிறேன், பனியே விழாத காய்ந்த ரோடாக இருந்தாலும் குளிர் 7 டிகிரிக்குக் கீழே நிலைத்துவிட்டால் இந்த டயர்தான் சரி.

கடையில் டயரின் பக்கவாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்க வேண்டும். 'எம் பிளஸ் எஸ்' (சேறு, பனி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். அது பள்ளத்தின் அமைப்பை வைத்துக் கம்பெனிக்காரர்களே போட்டுக்கொள்வது. ஆல் சீசன் டயரிலும் இருக்கும். மலைச் சின்னம், பனியில் ஓட்டிச் சோதித்து, குறிப்பிட்ட அளவு பிடிப்பு இருந்தால் மட்டும் கிடைப்பது. அதிலும் ஒன்று கவனிக்கணும். அந்தச் சோதனை இறுகிய பனியில் நடப்பது, கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் இல்லை. ஐஸ் பிடிப்புக்கென்று ஐரோப்பிய லேபிளில் 2021-லிருந்து தனிக் குறியே வந்துவிட்டது. அந்த ஊர்க் கடைக்காரரிடம், "பனிக்கு மட்டுமா, ஐஸுக்கும் நல்லதா?" என்று கேட்டாலே, ஆள் விவரமானவன் என்று தெரிந்து நல்லதை எடுத்துக் காட்டுவார்.

'ஆல் வெதர்' என்று இன்னொரு இனம் இருக்கிறது. பெயர் ஆல் சீசன் மாதிரி இருந்தாலும் சரக்கு வேறு. மலைச் சின்னம் உண்டு, வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டலாம். டொராண்டோ நகருக்குள்ளேயே வீடும் வேலையும் என்றால் அதை வாங்கச் சொல்லியிருப்பேன். பேரியிலிருந்து நெடுஞ்சாலையில் வருகிறவருக்கு வேண்டாம்.

இரண்டு மட்டும் போடலாமா என்றால், கூடவே கூடாது. முன்னால் மட்டும் போட்டால் முன்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும், வளைவிலோ பிரேக்கிலோ பின்பக்கம் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். பின்னால் மட்டும் போட்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கும். நான்குமே ஒரே ரகமாக இருக்கணும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதானே என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது.

ஆணி டயர் ஐஸில் நல்லதுதான், பொய்யில்லை. ஆனால் ஒன்டாரியோவில் வடபகுதியில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. பேரி அதில் சேராது. பேச்சு முடிந்தது.

செலவுக்கு வருகிறேன். விண்டர் டயர் ஓடும் மாதங்களில் பழைய டயர் ஓய்வெடுக்கிறது, ஆகவே இரண்டு செட்டும் கூடுதல் வருடம் வரும். அதோடு, விண்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தர வேண்டும் என்று ஒன்டாரியோவில் 2016-லிருந்து விதி இருக்கிறது. கேட்டால்தான் கொடுப்பார்கள், கேட்கச் சொல்லுங்கள். (பக்கத்து கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படியே கட்டாயம். ஒன்டாரியோ அதை அவரவர் புத்திக்கு விட்டுவிட்டது.) முடிந்தால் தனியாக நான்கு இரும்பு ரிம் வாங்கி, அதிலேயே விண்டர் டயரை மாட்டி வைத்துவிடட்டும். வருடத்துக்கு இரண்டு தடவை ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். அங்கே ரோட்டில் கொட்டுகிற உப்பு அழகான அலாய் வீலை அரித்துவிடும், அந்தக் கவலையும் போகும். நம் வாலிநோக்கத்து உப்பு கருவாட்டுக்குப் போகிறது, அந்த ஊர் உப்பு ரோட்டுக்குப் போகிறது. அதிலும் குளிர் மிகவும் இறங்கிவிட்டால் உப்பு போட்டும் ஐஸ் உருகாது.

பழைய விண்டர் டயர் மலிவாகக் கிடைத்தால், பள்ளத்தின் ஆழத்தை அளக்காமல் வாங்க வேண்டாம். 1.6 மில்லிமீட்டர் வரை சட்டம் விடும், பனி விடாது. 4 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அது பெயருக்குத்தான் விண்டர் டயர்.

அக்டோபரிலேயே கடையில் நாள் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முதல் பனி விழுந்த காலையில் ஊரே டயர் கடை வாசலில் நிற்கும். நாங்கள் டீ குடிக்கக்கூட நிமிர முடியாது. மாட்டிய பிறகு 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட வேண்டும்.

காற்றும் முக்கியம். 10 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 2 பவுண்டு இறங்கும். சூடான ஒர்க்‌ஷாப்புக்குள் 20 டிகிரியில் 33 பவுண்டு வைத்து அனுப்பிய டயர், மைனஸ் 15-ல் ராத்திரி முழுக்க வெளியே நின்றால் காலையில் 27 பக்கம் காட்டும். பங்க்சர் என்று பதறி வருவார்கள். பங்க்சர் இல்லை, குளிர்தான். மாதம் ஒருமுறையாவது, வண்டியை எடுப்பதற்கு முன் பார்த்து நிரப்பணும்.

கடைசியாக, மகனிடம் இதை மட்டும் போனில் அழுத்திச் சொல்லுங்கள். மைனஸ் 20-ஐ விட 0 டிகிரியை ஒட்டிய காலைதான் மோசம். அப்போது ஐஸ் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும், எந்த டயரும் திணறும். ரோடு வெறுமனே நனைந்த மாதிரி கறுப்பாகத் தெரியும், ஐஸ் என்றே தோன்றாது. கீழேயும் காற்று புகுந்து போவதால் பாலங்கள்தான் முதலில் உறையும். பாலம் வரும்போது முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு, பாலத்தின் மேல் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் சீண்டாமல் கடந்துவிட வேண்டும்.

கேள்வி: என் தம்பி ராணுவத்தில் டிரைவர், காஷ்மீரில் இருக்கிறான். அங்கே பனியில் டயருக்குச் சங்கிலி சுற்றி ஓட்டுகிறார்கள். அது டயர் மாற்றுவதை விட மலிவுதானே?
— சாயல்குடி வாசகர்

பதில்: மலிவுதான். ஆனால் சங்கிலி, ரோட்டை மூடிக் கிடக்கும் பனியிலும் ஐஸிலும் மலை ஏறி இறங்குவதற்கு. மெதுவாகத்தான் ஓட்டலாம், மணிக்கு 50 கிலோமீட்டர் என்பதே அதிகம். பனி தீர்ந்து தார் தெரிந்தவுடன் இறங்கிக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியும் போகும், டயரும் போகும், ரோடும் போகும். தினமும் ஆபீஸ் போகிறவர் கைவிரல் மரத்துப்போகும் குளிரில் அதை மாட்டிக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. தம்பிக்கு என் சல்யூட்டைச் சொல்லுங்கள்.

கேள்வி: ராமேஸ்வரத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குப் போய்க் கடை போடுகிறேன். காற்றுக் காலத்தில் ரோட்டில் மணல் ஏறி வண்டி வழுக்குகிறது. பட்டன் டயர் போட்டால் நிற்குமா?
— ஒரு சகோதரி, ராமேஸ்வரம்

பதில்: வேண்டாம்மா. கட்டை கட்டையாகப் பல் வைத்த பட்டன் டயர் புதைமணலிலும் சேற்றிலும் பல்லைப் பதித்து இழுக்கும். உங்கள் ரோட்டில் இருப்பது தார், அதன் மேல் மெல்லிய மணல். டயருக்கும் தாருக்கும் நடுவில் மணல் உருளும்போது எந்தப் பட்டனும் எதையும் கவ்வாது. உள்ளதைச் சொன்னால், பட்டன் டயரில் ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தாரில் அது இன்னும் மோசமாக வழுக்கும். கம்பெனி கொடுத்த அளவில், பள்ளம் தேயாத சாதாரண டயரே போதும். மொட்டையானதும் மாற்றிவிடுங்கள், இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று இழுக்காதீர்கள்.

2017-ல் அந்த ரோடு திறப்பதற்கு முன்னால் முனைக்குப் போன வேன்களும் ஜீப்புகளும் மணலில்தான் ஓடின. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டால் டயர் அகலமாகப் படிந்து, மணலில் புதையாமல் போகும். அதைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரிலும் காற்றைக் குறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். கேட்காதீர்கள். காற்று குறைந்த டயர் தாரில் ஓடினால் சூடேறி பக்கச்சுவர் வெடிக்கும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் எந்த இடத்தில் ஏறும் என்று தினமும் போகிற உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். அந்த இடம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, மணலுக்குள் முன் பிரேக்கைத் தொடாமல் போங்கள். வீட்டுக்கு வந்ததும் ரிம்மையும் பிரேக்கையும் நல்ல தண்ணீரில் கழுவுவது நல்லது. டயரை விட முதலில் உங்கள் ரிம்தான் போகும். அங்கே இரண்டு பக்கமும் கடல்.

கேள்வி: தொண்டியில் ஒருவர் வெளிநாட்டுப் பழைய கார் டயர் விற்கிறார். புத்தம்புதிது போல இருக்கிறது, பள்ளம் ஆழமாக இருக்கிறது, விலை பாதிதான். பக்கத்தில் மலைப்படம் மாதிரி ஒரு முத்திரை இருக்கிறது. வாங்கலாமா?
— திருவாடானை வாசகர்

பதில்: மேலே கீழக்கரை அண்ணனுக்கு எழுதியதைப் படித்திருப்பீர்கள். அதே முத்திரைதான். சில டயர் எல்லாக் காலத்துக்கும் ஆனதாக இருக்கலாம். ஆனால் நெருக்கமான கீறல்களும் ஆழமான பள்ளமும் சேர்ந்திருந்தால், பெரும்பாலும் அது குளிர்நாட்டு டயர். அங்கே நல்லதாக இருந்த மென்மையான ரப்பர் நம் சித்திரை வெயிலில் கொதிக்கிற தாரில் குழைந்துவிடும். பிரேக் பிடித்தால் வண்டி கூடுதல் தூரம் போய் நிற்கும், வளைவில் அசையும், பென்சில் அழிப்பான் மாதிரிக்கூடச் சொல்லலாம், அப்படித் தேயும். பாதி விலைக்கு வாங்கிப் பாதி நாள்கூட வராது.

முத்திரை இல்லாத டயராக இருந்தாலும் வயதைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் 'டி.ஓ.டி' என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கெடும். பக்கச்சுவரை விரலால் மடக்கிப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கறுப்பு பாலிஷ் போட்டுத் துடைத்தால் எந்தக் கிழட்டு டயரும் மாப்பிள்ளை மாதிரிதான் நிற்கும்.

கேள்வி: எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள்ளால் வாரம் தவறாமல் பங்க்சர். என்ன செய்வது?
— திருப்புல்லாணி வாசகர்

பதில்: வண்டிக்கு ஒத்துவந்தால் ட்யூப்லெஸ் டயருக்கு மாறுங்கள். முள் குத்தியதைப் பார்த்தவுடன் பிடுங்கிவிடாதீர்கள். அது அடைத்துக்கொண்டு இருக்கும்வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும், கடை வரைக்கும் வந்துவிடலாம். டயருக்குள் ஊற்றுகிற பசைத் திரவம் சின்ன முள் ஓட்டைக்கு உதவும். ஆனால் நாளாக ஆக உள்ளே காய்ந்துபோகும். ஊற்றியிருந்தால் பங்க்சர் போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கழற்றவிட்டால் அவர் சட்டையெல்லாம் அதுதான், அப்புறம் உங்கள் வண்டியைப் பார்த்தாலே கடையைச் சாத்துவார்.

கேள்வி: டயருக்கு நைட்ரஜன் போடுவது நல்லதா?
— தேவிபட்டினம் வாசகர்

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாக அடித்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கேட்டால், அந்தக் காசுக்கு நல்ல பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி வண்டியில் போட்டு வையுங்கள்.