எந்த ஃபிரேம்வொர்க்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மும்பையில் நான்கு பேர் சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். இங்குள்ள ஒரு தமிழ் அமைப்புக்கு உறுப்பினர் பதிவு, சந்தா, நூலகம் மூன்றும் அடங்கிய வலைச் செயலி செய்துதர வேண்டும். பக்கங்கள் தமிழிலும் மராத்தியிலும் இருக்கும். செயலி கட்ட ஆயத்த அடித்தளமாக இருக்கும் ஃபிரேம்வொர்க்குகளில் ஜாங்கோவா, லாராவெலா, ஃபிராப்பேயா என்று முடிவெடுக்க முடியவில்லை. ஒருவர் வேகத்தை அளந்து வரிசைப்படுத்தும் பெஞ்ச்மார்க் பட்டியலைக் காட்டுகிறார். இன்னொருவர் நாமே ஒரு ஃபிரேம்வொர்க் எழுதி ஓப்பன் சோர்ஸாக வெளியிடலாம் என்கிறார். எதை வைத்து மதிப்பிடுவது?

ச., செம்பூர்

அன்புள்ள ச.,

பெஞ்ச்மார்க் பட்டியலை இந்த வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். 2013இல் தொடங்கிய டெக்எம்பவர் பட்டியலில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பிளெய்ன்டெக்ஸ்ட் சோதனை, ‘ஹலோ வேர்ல்ட்’ என்ற ஒரு வரியைத் திருப்பி அனுப்பும் வேகத்தைத்தான் அளக்கிறது. உங்கள் செயலியில் நேரம் போவது டேட்டாபேஸில். 50 புத்தகங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் யார் எடுத்திருக்கிறார் என்று தனித்தனியாகக் கேட்டால், பட்டியலுக்கு ஒன்று, புத்தகங்களுக்கு 50 என்று 51 க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடும். ஒன்றுக்கு 2 மில்லிசெகண்ட் என்றாலும் 100 மில்லிசெகண்ட் போய்விட்டது. தொடர்புள்ள விவரத்தையும் சேர்த்தே எடுக்கும் வசதி இரண்டிலும் உண்டு: ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் சேர்த்தால் இது ஒரே க்வெரி, லாராவெலில் ஈகர் லோடிங் செய்தால் இரண்டு. எந்த ஃபிரேம்வொர்க் இந்தத் தவறைச் சீக்கிரம் கண்ணில் காட்டுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

உறுப்பினர் தேடல், புத்தகப் பக்கம், சந்தா ரசீது. இந்த மூன்று பக்கங்களை மட்டும் ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்கிலும் கட்டிப்பாருங்கள். ஆனால் மாதிரித் தரவாக ஆங்கிலப் பெயர்களைப் போடாதீர்கள். முதல் நாளிலிருந்தே தமிழ்ப் பெயர்கள், தமிழ் நூல் தலைப்புகள்தான் உள்ளே போக வேண்டும்.

காரணத்தை ஜாங்கோவை வைத்தே சொல்கிறேன். தலைப்பிலிருந்து இணைய முகவரித் துண்டு (ஸ்லக்) உண்டாக்கும் ஸ்லக்கிஃபை, இயல்பு நிலையில் ஆஸ்கியை, அதாவது ஆங்கில எழுத்து, எண் போன்றவற்றை மட்டுமே விட்டுவைக்கும். தமிழ்த் தலைப்புக்கு வெற்றுச் சரம்தான் கிடைக்கும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீடான யூனிகோடை அனுமதிக்கும் தெரிவை இயக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. ஜாங்கோ எழுதப்பட்ட மொழியான பைதானில், எழுத்துக் கோலங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை, அவற்றை உதிர்த்துவிடுகிறது. ‘பட்டு’, ‘பாட்டு’, ‘பெட்டி’ மூன்றும் ‘படட’ என்று ஒரே முகவரியாகிவிடும். மராத்தியிலும் மாத்திரைகள் என்னும் உயிர்க்குறிகள் இப்படியே உதிரும். சரியான ஸ்லக்கை நீங்களே எழுதிக் கொடுத்தாலும் அதைச் சேமிக்கும் ஸ்லக் ஃபீல்டின் சரிபார்ப்பு அதே விதியால் அதை மறுக்கும். வந்த முகவரியைப் படித்துப் பிரிக்கும் யூஆர்எல் பகுதியின் ஸ்லக் கன்வெர்ட்டரோ ஆஸ்கியைத் தவிர எதையும் ஏற்காது. தீர்வு பத்துப் பன்னிரண்டு வரிதான்: ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் வகையைப் பார்த்து, எழுத்து, குறி, எண் மூன்றையும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். சேமிப்பதற்குச் சாதாரண கேரக்டர் ஃபீல்ட், முகவரிக்குச் சொந்தக் கன்வெர்ட்டர்.

தேடலிலும் ஒன்று உண்டு. ‘கொ’வின் ஒகரக் குறி ஒரே குறியீட்டெண்ணாகவும் வரலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடலில் பொருந்தாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உறுப்பினர் பட்டியல் கையில் இருந்தால், சேமிக்குமுன்னும் தேடுமுன்னும் இரண்டையும் ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்து, ஃபிரேம்வொர்க்கைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தும் சோதனை. இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை, செலவோ இங்கேதான் வரும். ஜாங்கோ 4.2இல் அந்த மூன்று பக்கங்களையும் கட்டி, எச்சரிக்கைகளை எல்லாம் காட்டச் சொல்லி ஓட்டி, பிறகு 5.2க்கு மாற்றிப் பாருங்கள். 5.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. லாராவெலின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தம் இரண்டு ஆண்டு. சங்கம் போன்ற அமைப்பில் ஆண்டுதோறும் மேம்படுத்தப் பணம் ஒதுக்கமாட்டார்கள் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு வேகத்தைவிடப் பெரிது.

ஃபிராப்பே உங்கள் மும்பையிலேயே பிறந்தது. ஒரு டாக்டைப்பை, அதாவது ஒரு வகைப் பதிவின் அமைப்பை, வரையறுத்தால் அட்டவணை, படிவம், பட்டியல், அனுமதி எல்லாம் வந்துவிடும். பதிலுக்கு மரியாடிபி டேட்டாபேஸ், ரெடிஸ் என்ற தற்காலிகச் சேமிப்பு, பின்னணியில் ஓடும் வொர்க்கர்கள் என்று சர்வரில் பராமரிப்பு கூடும். ஃபிரேம்வொர்க்குக்கு அதிகக் கட்டுப்பாடு இல்லாத எம்ஐடி உரிமம், அதன்மேல் நிற்கும் நிறுவன நிர்வாகச் செயலியான ஈஆர்பிநெக்ஸ்டுக்கு, மாற்றி வெளியிட்டால் மூலநிரலையும் தரச் சொல்லும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அலுவலகப் பதிவு வேலையே பெரும்பகுதி என்றால் ஃபிராப்பே, வாசகர்கள் வந்து பார்க்கும் பக்கங்கள் அதிகம் என்றால் ஜாங்கோ என்பது என் தேர்வு.

சொந்த ஃபிரேம்வொர்க் இப்போது வேண்டாம். ஜாங்கோ கன்சாஸில் ஒரு செய்தித்தாளின் தளத்துக்காக எழுதப்பட்டு 2005இல் வெளிவந்தது. ரூபி மொழியின் ரெய்ல்ஸ் ஃபிரேம்வொர்க் பேஸ்கேம்ப் என்ற செயலியிலிருந்தும், ஃபிராப்பே ஈஆர்பிநெக்ஸ்டிலிருந்தும் பிரிந்தவை. ஓடிக்கொண்டிருந்த செயலியிலிருந்து பொதுவானதைப் பிரித்தெடுத்தவர்கள் அவர்கள். உங்களிடம் இன்னும் செயலியே இல்லை. உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் செஷன், கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் ஹாஷ், பயனர் பெயரில் வேறு தளம் அனுப்பும் போலிக் கோரிக்கையை மறுக்கும் சிஎஸ்ஆர்எஃப் தடுப்பு இவற்றில் ஓட்டை என்று யாராவது தெரிவித்தால் உடனே திருத்தம் வெளியிட நால்வரில் ஒருவர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

ஓப்பன் சோர்ஸுக்குத் தர ஆசைப்படுகிறீர்களே, அந்த ஆசை நல்லது. மேலே சொன்ன ஸ்லக், கன்வெர்ட்டர், என்எஃப்சி மூன்றையும் ஒரு சிறு ஜாங்கோ பேக்கேஜாகப் பிரித்து, தமிழ், மராத்திச் சொற்களோடு டெஸ்டுகள் எழுதி, எம்ஐடி உரிமத்தில் வெளியிடுங்கள். எந்தெந்த ஜாங்கோ, பைதான் பதிப்புகளில் சோதித்தீர்கள் என்பதை ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.