விளக்கமறியலில் இருந்தவரை பார்க்க விட்டவர்கள், தண்டனை கிடைத்த பின் ஏன் மறுக்கிறார்கள்?

மூதூரிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு: உங்கள் கணவர் திருகோணமலைச் சிறைச்சாலையில் விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியாமல் தடுப்பில், இருந்த காலம் முழுவதும் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து வந்தீர்கள் என்றும், தீர்ப்புக்குப் பின் வெளிமாவட்டத்துக்கு அவரை மாற்றியதும் வாயிலில் சோற்றையும் வாங்கவில்லை, கூட வந்த மைத்துனரையும் உள்ளே விடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் தம்பியும் இதே வழியால் போனவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே உங்கள் கணவர் வேறு வகைக் கைதி ஆகிவிட்டார் என்பதுதான் முதற் காரணம். 1877ஆம் ஆண்டில் வெள்ளைக்காரன் எழுதிய சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம்தான் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி, வழக்கு முடியாதவர் இன்னும் குற்றவாளி அல்லர். ஆகவே வெளியிலிருந்து உணவும் உடையும் பெற்றுக்கொள்ள அவருக்கு இடமுண்டு. தண்டனைக் கைதிக்கோ சிறைச் சமையலும் சிறை உடுப்பும்தான். பார்வையிடும் வாய்ப்பும் அவருக்குக் குறைவு. சித்திரைப் புத்தாண்டு, வெசாக், நத்தார் போன்ற நாட்களில் சிறைச்சாலைகள் திணைக்களம் திறந்த பார்வைக்கு அனுமதி அறிவிக்கும்போது, வீட்டுச் சாப்பாட்டை ஒருவருக்குப் போதுமான அளவில் கொண்டுபோகலாம். அந்த அளவுக்கு மேல் கொண்டுபோனால் திருப்பிக் கொண்டுவர வேண்டியதுதான்.

விளக்கமறியற் காலத்துச் சோறும் சும்மா உள்ளே போய்விடவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நான் கொண்டுபோன பார்சலை மேசையில் விரித்து, ஒரே கரண்டியால் சோற்றைக் கிளறி, மீன் துண்டைப் பிய்த்துப் பார்த்து, சவர்க்காரக் கட்டியை நடுவில் வெட்டிப் பார்த்த பிறகுதான் அனுமதித்தார்கள். முதல் நாள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் போதைப்பொருளும் சிம் அட்டையும் இப்படித்தான் உள்ளே போகின்றன என்பதை அறிந்த பிறகு, அந்தக் கரண்டியின் மேல் எனக்குக் கோபமில்லை. எனக்கு மனக்குறை வேறிடத்தில்தான்.

தம்பியை மாற்றியதை எங்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. இரவு ரயிலில் ஏறி விடியற்காலையில் போய் இறங்கி, ஒரு சிறைச்சாலை வாயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, "அவர் இங்கே இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அடுத்த முறை சரியான இடத்துக்குப் போனபோது, என்னிடம் அடையாள அட்டை இருந்தும், அவன் என் தம்பிதான் என்பதற்குக் கிராம சேவகரின் கடிதம் கேட்டார்கள். உங்கள் மைத்துனரைத் திருப்பி அனுப்பியதும் பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்: உங்களுக்கும் கணவருக்கும் ஒரே வீட்டு விலாசம், மைத்துனருக்கு வேறு விலாசம். ஆகவே அடுத்த பயணத்துக்கு முன் சிறைச்சாலைக்குத் தொலைபேசியில் பேசி, அவர் அங்கேதான் இருக்கிறாரா, உங்களுக்குரிய நாள் எது, எத்தனை பேர் வரலாம், என்ன கடிதம் வேண்டும் என்ற நான்கையும் கேட்டு, பதில் சொன்னவரின் பதவியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கைதி இலக்கம் கையில் இருந்தால் பேச்சு விரைவில் முடியும்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால், வாயிற்காவலரோடு வாதாடிப் பயனில்லை. சிறைச்சாலைப் பொறுப்பதிகாரியான அத்தியட்சகரைச் சந்திக்க வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள், காரணத்தையும் கேளுங்கள். உள்ளே ஏதாவது ஒழுங்கு மீறல் நடந்து அதற்காகப் பார்வையை நிறுத்தியிருந்தால், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பது உங்கள் உரிமை. 2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், குடும்பத் தொடர்பை முற்றாகத் தடை செய்வதைத் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது என்றும், கட்டுப்பாடு தேவையென்றால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கைதியை இயன்றவரை வீட்டுக்கு அருகே வைக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. அவை நம் நாட்டுச் சட்டம் அல்ல என்பதால் வாயிலில் எடுத்து வீசாதீர்கள். ஆனால் இடமாற்றம் கேட்டுச் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கு எழுதும் கடிதத்தில், பயணத் தூரம், பிள்ளைகளின் வயது, உங்கள் வருமானம் ஆகியவற்றோடு இதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். பதில் வராவிட்டால், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். 1996 என்பது அவர்களுடைய அவசர இலக்கம்.

பிள்ளையைக் கூட்டிப்போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூட்டிப்போங்கள், பிறப்புச் சான்றிதழின் பிரதியோடு. ஆனால் அப்பாவின் மடியில் ஏற முடியாது, இடையில் கம்பி வலை இருக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவார்கள் என்று பேருந்தில் போகும்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் கூட்டிப்போனோம். தம்பியின் மகள் இருந்த பத்து நிமிடமும் வலைக்குள் விரலை விட்டபடி, ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள்.